பாணும் பணிசும்: மயிலிட்டியிலிருந்து ஒரு வரலாற்று நோக்கு

சென்ற தவணை முடிவில், தரம் பத்து மாணவியர் சிலர் நம்மிடம் ஒரு வினாவோடு வந்தனர். பாடசாலைக் கண்காட்சியில் ஹம்பேகர் செய்து விற்பதென்பது அவர்கள் திட்டம். இறைச்சிக்குப் பதிலாக மயிலிட்டித் துறையில் வந்திறங்கும் மீனைக் கொண்டு கட்லட் செய்வதென்றும் முடிவாகிவிட்டது. ஒன்று மட்டுமே முடிவாகவில்லை. அந்தக் கட்லட்டை எதனுள் வைப்பது? அச்சுப் பாணிலா, றோஸ் பாணிலா, பணிசிலா? தமிழாசிரியரிடம் கேட்கத்தக்க கேள்வியா இது என்று நாம் முதலிற் சிரித்தோம். பின்னர் எண்ணிப் பார்க்குமிடத்து, இக்கேள்விக்கு விடை சொல்வது அத்துணை எளிதன்று என்பது புலனாயிற்று. எந்தப் பாண் நல்ல பாண் என்பதை இம்மண்ணில் உண்பவர்கள் தீர்மானித்த காலம் மிகச் சிறிது. கப்பலும் போரும் விலையுமே அதனைப் பெரும்பாலும் தீர்மானித்து வந்துள்ளன. அந்த வரலாற்றை ஓரளவேனும் சொல்லாது மாணவியருக்கு விடை கூற நமக்கு மனம் வரவில்லை.

முதலிற் சொற்களை நோக்குவோம். நம் தொழிலுக்கு அதுவே கைவந்தது. பாண் என்னும் சொல் போர்த்துக்கேயம் தந்தது. பாண் வேகும் போறணையும் அம்மொழியின் போர்னோ என்ற சொல்லே. அதனை வைத்துண்ணும் மேசை, தேநீர் வார்க்கும் கோப்பை, தின்பண்டமான விசுக்கோத்து, இவை யாவும் ஒரே கப்பலில் வந்திறங்கியவை. ஏன், யாழ்ப்பாணத்துப் பெண்கள் நாள் முழுதும் நின்று உழைக்கும் அடுக்களைக்கே குசினி என்று பெயராகிவிட்டது. பணிஸ் பிற்காலத்தது, ஆங்கிலேயரின் சொல். அவர்கள் பன்மையிற் சொன்னதை நாம் ஒருமையாகக் கொண்டு, ஒரு பணிஸ், இரண்டு பணிஸ் என்று எண்ணத் தொடங்கினோம். ஒல்லாந்தர் ஏறத்தாழ 140 ஆண்டுகள் இங்கு ஆண்டும், அலுவலகத்துக்குக் கந்தோர் என்னும் பெயரைத் தந்தார்களேயன்றிப் பாணுக்கு வேறு பெயர் தரவில்லை.

சங்க நூல்களிலும் பாண் என்ற சொல் உண்டு. பாட்டையும் பாணர் குடியையும் அது குறிக்கும். ஐங்குறுநூற்றின் மருதப் பாடல்களிலே பாண்மகள் மீனைக் கொடுத்து நெல்லைப் பெற்றுச் செல்கிறாள். மீனும் தானியமும் கைமாறும் அந்தக் காட்சி மயிலிட்டியாருக்குப் பழக்கமானதே. ஆயினும் அந்தப் பாணுக்கும் இந்தப் பாணுக்கும் ஓர் உறவுமில்லை. எல்லாச் சொல்லுக்கும் சங்க வேர் தேடிப் பெருமை கொள்வோர் பெருகிவரும் இந்நாளில் இதனை அழுத்திச் சொல்லுதல் வேண்டும். மதுரைக்காஞ்சியிலே வரும் கூவியர், அதாவது அப்ப வாணிகர், கடைத்தெருவில் அடை சுட்டு விற்றனர். வீட்டுக்கு வெளியே, அறியாதவர் கையாற் சுட்ட பண்டத்தைக் காசு கொடுத்து வாங்கி உண்ணும் வழக்கம் தமிழருக்கு அன்றே உண்டு. புதிதாக வந்தது கோதுமையும், நான்கு புறமும் மூடிய சூளை போன்ற போறணையுமே.

விவிலியத்தைத் தமிழாக்கியவர்கள் பாண் என்று எழுதவில்லை. அப்பம் என்றே எழுதினர். ஐந்து அப்பமும் இரண்டு மீனும் ஐயாயிரம் பேருக்குப் போதுமாயின கதையைக் கரையோரத்துத் தேவாலயங்களிற் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, அந்த அப்பம் பாண் போன்றதொன்று என்பது பிற்பாடே தெரிய வந்திருக்கும். 1990களில் யாழ்ப்பாணத்திலே பேக்கரிகளின் பெயர்ப்பலகைகள் வெதுப்பகம் என்று மாறின. பாண் வெதுப்பி ஆயிற்று. வெதுப்பகம் என்பது அழகிய ஆக்கம் என்பதில் நமக்கு ஐயமில்லை. இன்றும் பலகைகளில் அது நிலைத்திருக்கிறது. ஆனால் அப்பலகையின் கீழே நின்றுகொண்டு மக்கள் கேட்பது ஒரு றாத்தல் பாண்தான்.

போர்த்துக்கேயர் 1505 இல் இலங்கைக்கு வந்தனர். 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். ஒல்லாந்தர் 1658 இலும் ஆங்கிலேயர் 1795 இலும் யாழ்ப்பாணக் கோட்டையைத் தமதாக்கினர். கோதுமை இம்மண்ணில் விளையும் பயிரன்று. கடல் கடந்தே வரவேண்டும். ஆகவே அந்நாளிற் பாண் கோட்டைக்குள் இருந்த போர்வீரனுக்கும் அதிகாரிக்கும் உரிய உணவாயிருந்தது. கோட்டைக்கு வெளியே கூழும் புட்டும் பிட்டியும் குரக்கனும். எனினும் ஒரு கொடுக்கல் வாங்கல் நிகழாமலில்லை. மாவைப் புளிக்க வைக்க நொதி வேண்டும். கோவாவிலே போர்த்துக்கேயர் தென்னங்கள்ளை ஊற்றியே பாண் மாவைப் பொங்க வைத்தனர். கள்ளு விட்டு அப்பமா புளிக்க வைத்த யாழ்ப்பாணத்துக்கு இந்த வித்தையைக் கற்பிக்க எவரும் வரவேண்டியிருக்கவில்லை. பனை மரமேறிக் கள்ளிறக்கிய உழைப்பாளியைத் தீண்டத்தகாதவனென்று ஒதுக்கிவிட்டு அவன் இறக்கிய கள்ளில் அப்பத்தைப் பொங்கவைத்துண்ட சமூகம் நம்முடையது. இதனை மீண்டும் பேச இடம் வரும்.

பாணின் கதையில் உண்மையான திருப்பம் 1942 ஆம் ஆண்டு. 1905 இல் இருப்புப் பாதை காங்கேசன்துறை வரை முழுமையுற்ற பின்னர் மாவும் சீனியும் புகையிரதத்தில் வடக்கே வரத்தொடங்கியிருந்தன. நகரத்துத் தேநீர்க் கடைகளிற் பாண் தலைகாட்டியிருந்தது. ஆயினும் சோறுண்ணும் மக்கள் அதனை நோயாளியின் உணவாகவும் வழிப்போக்கனின் உணவாகவுமே கருதினர். அக்காலத்து இலங்கை தன் அரிசித் தேவையிற் பெரும்பகுதிக்கு வெளிநாட்டையே, அதிலும் பர்மாவையே, நம்பியிருந்தது. 1942 இல் யப்பானியர் பர்மாவைப் பிடித்தனர். அரிசிக் கப்பல்கள் நின்றன. அரிசிக்குப் பங்கீடு வந்தது. குறைந்த அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா வழங்கப்பட்டது. தேயிலைக்கும் இறப்பருக்கும் நிலத்தைக் கொடுத்துவிட்டுச் சோற்றுக்குப் பிறர் துறைமுகத்தை நோக்கிய ஏகாதிபத்தியப் பொருளாதாரத்தின் வெறுமை அன்று வீட்டு வீட்டு அடுப்பிலே தெரிந்தது. நாட்டு மக்கள் பாண் உண்ணப் பழகியது சுவை கண்டன்று.

போர் முடிந்தும் அப்பழக்கம் நீங்கவில்லை. 1952 இல் சீனாவோடு இறப்பர்–அரிசி உடன்படிக்கை செய்த அதே அரசாங்கம், 1953 இல் பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவும் நிறுத்தப்பட்டது. 1953 ஆகஸ்ட் 12 ஆம் நாள் இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பில் நடந்த ஹர்த்தாலை நம் வாசகர்கள் நன்கறிவர். அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க் கப்பலொன்றிலே கூடியதையும், மக்கள் சுடப்பட்டு இறந்ததையும், ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்ததையும் விரித்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை மட்டும் மனங்கொள்ளல் வேண்டும். அரிசியின் விலை ஏறும்போதெல்லாம், அல்லது பங்கு குறையும்போதெல்லாம், ஏழையின் கை பாணை நோக்கி நீண்டது. 1966 டிசம்பரில் அரிசிப் பங்கு பாதியாக்கப்பட்டபோதும் அதுவே நடந்தது. பாண் மலிவாயிருப்பது ஆட்சியாளருக்கு ஒரு காப்பு. 1994 ஆம் ஆண்டுத் தேர்தலிலே ஒரு றாத்தல் பாண் 3 ரூபா 50 சதம் என்பது வாக்குக் கேட்கும் முழக்கமாகவே ஒலித்ததை நாம் சிறுவயதில் வானொலிப் பெட்டியருகே இருந்து கேட்டிருக்கிறோம். வடக்கிலோ அன்று வேறு விலை, வேறு வாழ்வு.

கோதுமை மாவுக்கு யாழ்ப்பாணத்து மூத்தோர் வழங்கிய பெயர் அமெரிக்கன் மா. இப்பெயரே ஒரு வரலாற்று ஆவணம். 1954 இல் அமெரிக்கா 480 ஆம் இலக்கப் பொதுச் சட்டத்தை இயற்றியது. தன் களஞ்சியங்களில் விலைபோகாது மிகுந்து கிடந்த தானியத்தை வறிய நாடுகளுக்கு உதவியாகவும் எளிய கடனாகவும் அனுப்ப அது வழி செய்தது. உபரி தீர்ந்தது, நட்பும் வளர்ந்தது, கூடவே கோதுமையை அறியாத நாடுகளிலே கோதுமை உண்ணும் நாக்கும் வளர்ந்தது. உதவி என்ற சொல்லுக்கு அகராதியில் இல்லாத பொருள்களும் உண்டு. பால்மாவும் பணிசும் பாடசாலைகளுக்கு வந்த காலம் அதனை அடுத்தது. நம் அம்மம்மா மயிலிட்டியிற் பாடசாலை சென்ற நாளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்தப் பணிசையே முதலிற் சொல்வார். கையளவு பெரியது, உச்சி கருஞ்சிவப்பு, உள்ளே சற்றே இனிப்பு. பாதியைத் தின்று பாதியைச் சட்டைப் பையில் வைத்துத் தம்பிக்குக் கொண்டு போவாராம். மா வந்த வெள்ளைச் சீலைச் சாக்கை அவிழ்த்துத் துவைத்து உள்ளாடை தைத்தார்களாம். எத்தனை தோய்த்தாலும் அதன் எழுத்துகள் முழுதும் அழியாவாம். அந்தப் பணிசைப் பழிக்க நமக்கு நா எழவில்லை. பசித்த பிள்ளை பள்ளிக்கு வந்தது அதனால். அதே வேளை, குரக்கனும் சாமியும் விளைந்த தோட்டங்களிலிருந்து அவை மறைந்ததும் அக்காலத்திலேதான்.

இனி அந்த மாவைப் பிசைந்த கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாணைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் பேசாது விடுவது இதுவே.

1970கள் வரை யாழ்ப்பாண நகரிலும் அயலூர்களிலும் இருந்த பேக்கரிகளிற் பல, தென்னிலங்கையிலிருந்து வந்த சிங்களவருடையவை. அவர்கள் கடை வைத்தார்கள், தமிழ் பேசினார்கள், கடன் கொடுத்தார்கள். நள்ளிரவில் எழுந்து மாவைப் பிசைந்து, விறகெரித்துப் போறணையைச் சூடேற்றி, தணலை வாரித் தள்ளி, ஈரச் சாக்கால் அதன் தளத்தைத் துடைத்து, நீண்ட மரத் துடுப்பாலே பாணை உள்ளே தள்ளி, ஊர் விழிக்குமுன் அதனை வெளியே எடுத்தனர். அவர்களிடம் தொழில் பழகிய தமிழ் இளைஞரும் உண்டு. 1977 ஆம் ஆண்டிலும் 1983 ஆம் ஆண்டிலும் தெற்கிலே தமிழர்மீது நடத்தப்பட்ட வன்செயல்களின் எதிரொலியாக இவர்களும் வடக்கை விட்டு அகல நேர்ந்தது. தெற்கிலிருந்து அகதியாக வந்த தமிழனைப் பற்றி நாம் நிறைய எழுதியிருக்கிறோம், எழுத வேண்டியதே. வடக்கிலிருந்து போறணையை விட்டுவிட்டுத் தெற்கே சென்ற பாண் சுடுவோனைப் பற்றி எத்தனை பேர் எழுதினோம்? அவன் பழக்கிவிட்ட கைகளே பின்னர் நமக்குப் பாண் சுட்டன.

இன்னொன்று. பாண் ஒரு விசித்திரமான உணவு. சமைத்த சோற்றை யார் கையாற் பெறுவது, யார் வீட்டிற் பெறுவது என்பதிலே அத்தனை கட்டுப்பாடு விதித்த யாழ்ப்பாணத்துச் சாதி அமைப்பு, பாணைப் பற்றி வாய் திறக்கவில்லை. மாவைப் பிசைந்தவன் எக்குலத்தவன் என்று எவரும் விசாரித்ததில்லை. ஆனால் அதே பாணை விற்ற தேநீர்க் கடைகளிலே, உள்ளே வந்து வாங்கில் அமர்ந்து உண்ண முற்பட்டவன் எக்குலத்தவன் என்று விசாரித்தனர். ஒடுக்கப்பட்ட மக்களுக்கு வெளியே நிலத்தில் இடம். தேநீர் போத்தலில் அல்லது தகரப் பேணியில். பிசைந்த கைக்கு இல்லாத தீட்டு உண்ணும் கைக்கு எப்படி வந்தது? 1957 ஆம் ஆண்டுச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இதனைக் குற்றமாக்கியது. சட்டம் தாளில் இருந்தது. போத்தல் கடையில் இருந்தது. 1966 ஒக்டோபர் 21 ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலமும், அதனை அடுத்துச் சங்கானையிலும் சுன்னாகத்திலும் நெல்லியடியிலும் நடந்த தேநீர்க் கடைப் பிரவேசப் போராட்டங்களுமே, பல கடைகளின் வாங்குகளை எல்லாருக்கும் திறந்தன. அப்போராட்டங்களிலே உயிர் கொடுத்தோர் உளர். ஒரு கோப்பைத் தேநீரும் பாண் துண்டும் மேசையில் வைத்து உண்பதற்காக மனிதர் இறந்த மண் இது என்பதை இன்று பேகர் கடையிற் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழையும் நம் மாணவர்கள் அறியார். பாடநூலில் அதற்கு இடமில்லை.

1973, 1974 ஆம் ஆண்டுகளின் பாண் வரிசையை விரைந்து கடந்து செல்வோம். உலகச் சந்தையில் தானியமும் எண்ணெயும் விலையேறிய நேரம். நாட்டில் அந்நியச் செலாவணி இல்லை. விடியற்காலையில் அரை றாத்தல் பாணுக்கு ஆள் நின்றது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் மிளகாயாலும் வெங்காயத்தாலும் கையிற் காசு கண்ட காலமும் அதுவே. காசு இருந்தும் வரிசையில் நின்றனர் என்பதுதான் வேடிக்கை. பின்னர் 1980 இல் திருகோணமலைச் சீனக்குடாவில் பிரிமா ஆலை இயங்கத் தொடங்கியது. அதன்பின் மாவாக வந்தது கோதுமையாக வந்திறங்கி இங்கே அரைபட்டது. கோதுமை மட்டும் இன்றும் கடல் கடந்தே வருகிறது.

மயிலிட்டிக்கு வருவோம். வலிகாமம் வடக்கில், காங்கேசன்துறைக்கும் பலாலிக்கும் இடையே கடலைப் பார்த்தபடி கிடக்கும் ஊர் இது. 1950களின் பிற்பகுதியில் மூன்றரைத் தொன் இயந்திரப் படகுகள் நாட்டிற்கு அறிமுகமான பின்பு, இவ்வூரார் மாலையிற் சென்று விடியலில் மீளும் ஆழ்கடற் தொழிலிற் பேர் பெற்றனர். படகிலே சோறாக்க நேரமில்லை. சுக்கானில் ஒரு கை. மற்றக் கையிற் பாண். முதல் நாட் குழம்பில் ஊறிய மீனைப் பாணின் வயிற்றைப் பிளந்து உள்ளே வைத்துச் சுற்றிக் கொடுத்துவிடுவது தமது வேலை என்பார் அம்மம்மா. ஒரு கையால் உண்ணத்தக்கதாய், ஒழுகாததாய், விடியும்வரை வயிற்றில் நிற்பதாய் இருக்கவேண்டும். ஹம்பேகருக்கும் இலக்கணம் இதுவே அன்றோ? செருமானிய நகராகிய ஹம்பேர்க்கின் பெயரைத் தாங்கிய அந்தக் கொத்திறைச்சி, அமெரிக்காவிலே தொழிலாளர் நின்றபடி தின்னும் உணவாக வளர்ந்தது. 1921 இல் கன்சாஸ் மாநிலத்து விச்சிற்றா நகரில் தொடங்கிய ஒயிட் காசில் கடையே அதனை ஒரே அளவுச் சிறு பணிசுக்குள் வைத்து மலிவாக விற்று நாடெங்கும் பரப்பிய முதற் பெருநிறுவனம். இன்று அது நம்மிடம் வசதியுள்ளோரின் விருந்தாக வந்திருக்கிறது. உழைப்பாளியின் உணவுகள் கடல் கடக்கும்போது இப்படி வேடம் மாறுவதுண்டு.

1990 யூனில் இவ்வூர் முழுவதும் இடம்பெயர்ந்தது. நாம் அப்போது கைக்குழந்தை. உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் வீடும் துறையும் கோயிலும் அடைபட, மக்கள் மல்லாகத்துக் கோணாப்புலம் முதலிய முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் 27 ஆண்டுகள் கழித்தனர். கடலுக்குப் பிறந்தவர்கள் கடலைக் காணாது கூலிக்குத் தோட்டம் கொத்தினர். நிவாரணத்தில் அரிசியோடு கோதுமை மாவும் வந்தது. முகாமிலே போறணை ஏது? பெண்கள் அம்மாவைத் துணியிற் கட்டி நீராவியில் அவித்து, கட்டிகளை உடைத்து அரித்து, புட்டும் இடியப்பமும் ஆக்கினர். நம் தாயார் செய்ததும் அதுவே. இதிலுள்ள நுட்பம் கருதத்தக்கது. கோதுமை மா நீர்பட்டுப் பிசைந்தால் இழுபடும். அந்த இழுவை அதிலுள்ள பசைப் புரதத்தினால் ஆவது. பாண் உப்பி எழுவதற்கு அதுவே காரணம். புட்டு உதிராமற் போவதற்கும் அதுவே காரணம். ஆவியில் அவித்தால் அப்பசை செயலிழந்து, கோதுமை மா அரிசி மாவைப் போல் நடந்துகொள்ளும். ஆய்வுகூடம் கண்டறியாத பெண்கள் அடுப்படியிற் கண்டறிந்த வித்தை இது. எவரோ அனுப்பிய மாவை, தம் நாக்குக்கு இசைய வைத்தனர். நமக்கு அந்தப் புட்டின் வாசனை இன்றும் வெறுப்பு. அதைச் செய்த கைகளின்மேல் வெறுப்பில்லை.

2017 யூலை 3 ஆம் நாள் துறைமுகத்தோடு 54 ஏக்கர் நிலம் விடுவிக்கப்பட்டது. சென்று பார்த்தோம். கூரையற்ற சுவர்களுக்குள் மரங்கள் நின்றன. எது எவர் வளவு என்று கிணற்றைக் கொண்டே அடையாளம் கண்டனர். முதலில் மீண்டவர்கள் படகோடு மீண்டனர். அவர்களுக்குக் காலையுணவு கொண்டு வந்தது முச்சக்கர வண்டியில் இசை ஒலித்துக்கொண்டு வரும் பாண் வண்டி. பீதோவன் இயற்றிய சிறு பியானோ இசைத்துண்டு ஒன்றே இலங்கை முழுதும் பாண் வண்டிகளின் அறிவிப்பாகிவிட்டது. ஊரின் பெயர்ப்பலகை திரும்புமுன் அந்த இசை திரும்பியது. 2022 இல் பொருளாதாரம் சரிந்தபோது அதுவும் சிலகாலம் ஓய்ந்தது. எரிவாயு இன்மையால் நாடெங்கும் பேக்கரிகள் பல மூடப்பட்டன. மாவின் விலை தலைக்குமேல் ஏறியது. விறகுப் போறணையைக் கைவிடாதிருந்தோர் அப்போது புத்திசாலிகள் எனப்பட்டனர். அதற்கு முந்திய ஆண்டு வரை அவர்களுக்குப் பழையவர்கள் என்று பெயர்.

இவற்றையெல்லாம் மாணவியருக்கு இரண்டு பாடவேளைகளிற் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார்கள். முடிவில் ஒருத்தி, “அப்ப எந்தப் பாண், சேர்?” என்றாள். நியாயமான கேள்வி.

றோஸ் பாண் போறணையின் கல்லில் நேரே வேகுவது. அதன் மேலோடு மொறுமொறுத்தது, உள்ளே காற்றறைகள் பெரியவை. குழம்புக்கு அதனை விஞ்சியது வேறில்லை. பிய்த்துத் தோய்த்து உண்பதற்கே பிறந்தது. ஆனால் கட்லட்டை அதனுள் வைத்துக் கடித்தால், ஓடு பல்லுக்கு இடங்கொடாது; கடிக்கும் விசையிற் கட்லட் பின்வழியே வெளியேறிவிடும். அச்சுப் பாண் தகர அச்சினுள் வேகுவதால் நான்கு பக்கமும் மென்மையாய், சிறு கண்ணறைகளோடு நெருக்கமாய் இருக்கும். துண்டாக வெட்டச் சிறந்தது. ஆயினும் புதுப் பாண் சாற்றில் ஊறிக் கையிற் பிசுபிசுக்கும். முதல் நாட் பாணாயின் தாச்சியில் இலேசாக வாட்டி எடுக்கலாம். செலவு பார்க்கும் வீட்டுக்கு இதுவே போதும். 450 கிராம் நிறையென அரசு விதித்திருக்கும் முழுப் பாணைப் பத்துத் துண்டாக்கினால் ஐந்து பேர் உண்ணலாம்.

பணிஸ் மாவில் சிறிது சீனியும் கொழுப்பும், சில வேளை பாலும் முட்டையும் சேரும். கொழுப்பு அந்தப் பசையின் இழுவையைத் தளர்த்துவதால் பணிஸ் எளிதிற் கடிபடும். மேலே பூசிய முட்டை மெல்லிய தோலாகிச் சாறு வெளியேறாது காக்கும். ஆகவே கட்லட்டுக்கு உகந்தது பணிசே. இடர்ப்பாடு ஒன்றுண்டு: கடைப் பணிஸ் தேநீருக்கென்று செய்யப்பட்டது, இனிப்பு மிகுதி. மிளகாயும் மிளகும் சேர்ந்த சூரை மீனோடு அது மல்லுக்கு நிற்கும். சீனியைக் குறைத்துச் செய்யச் சொல்லவேண்டும். அகலம் கட்லட்டின் அகலமே இருக்கவேண்டும். உயரம் கூடினால் வாய்க்குள் மாவே நிறையும். குறுக்கே வெட்டி, வெட்டிய முகத்தை மட்டும் சூட்டில் வாட்டினால் ஊறாது. குரக்கன் மா கலந்து செய்யலாமா என்றும் கேட்டார்கள். குரக்கனில் அப்பசை இல்லை. நாலில் ஒரு பங்குக்கு மேற் சேர்த்தால் எழும்பாது. அந்த அளவிற் சேர்த்தால் நிறமும் மணமும் நன்றாயிருக்கும்.

அயலூர் வெதுப்பகம் ஒன்றிலே சொல்லி வைத்தோம். உரிமையாளர் 60 பணிசுக்குத் தனியாக மா பிசைய முதலில் இணங்கவில்லை. பிள்ளைகளே வந்து பார்க்கட்டும், அப்போதுதான் செய்வேன் என்றார். அதிகாலை நான்கு மணிக்கு, கடலிலிருந்து அன்று சீக்கிரம் திரும்பிய தந்தையர் இருவரோடு மாணவியர் நால்வர் சென்றனர், நாமும் சென்றோம். போறணைக்கு முன் நின்றவர் ஐம்பது வயதைத் தாண்டியவர். முழங்கைவரை பழைய சூட்டுத் தழும்புகள். அவருடைய நாட் கூலியைப் பிள்ளைகள் கேட்டனர், சொன்னார். அவர்கள் தமக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, பேகர் ஒன்றுக்குத் தாம் வைத்திருந்த விலையைப் பற்றி வரும் வழியெல்லாம் வாதிட்டனர். அந்த வாதம் தீர்ந்ததாக நமக்குத் தெரியவில்லை.

கண்காட்சியன்று மதியத்துக்குள் 60 உம் முடிந்தன. நம் அம்மம்மாவையும் சக்கர நாற்காலியில் அழைத்துச் சென்றிருந்தோம். ஒன்றை வாங்கிக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பள்ளிக்கூடத்துப் பணிஸ் இதைவிடப் பெரிது என்றார். பின்னர் உள்ளிருந்த கட்லட்டை வெளியே எடுத்துத் தனியே தின்று முடித்துவிட்டு, ஒரு பிளேன்ரீ கொண்டுவரச் சொல்லி, பணிசை அதிலே தோய்த்து உண்டார்.